மூணாவது பாட்டு

ஒரு சின்ன சோதனை. ஏ.ஆர்.ரஹ்மானின் 'வந்தே மாதரம்' ஆல்பத்தில் மொத்தம் எத்தனை பாட்டு? கூகுளைத் திறக்காமல், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் சொல்லுங்கள் பார்க்கலாம்.

"ஒண்ணுதானே?" என்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள், "ரெண்டு. இந்தியில ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு" என்பார்கள். 1997 ஆகஸ்டில் வந்த அந்த ஆல்பத்தில் இருந்தவை ஏழு பாட்டுகள். பின்னால் வந்த பதிப்புகளில் இன்னும் சில சேர்ந்தன, அது தனிக்கணக்கு.

விடை தெரியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். குமணன்சாவடியில் ஒரு பையனுக்கு 2022 ஆகஸ்ட் வரைக்கும் இது தெரியாது. இத்தனைக்கும் அவனுடைய சித்தப்பா தொண்ணூறுகளில் அந்த ஊரில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர்.

குமணன்சாவடி தெரியாதவர்களுக்கு: போரூரிலிருந்து பூந்தமல்லி போகிற வழியில், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் தாண்டினால் வரும். மாங்காடு அம்மன் கோயிலுக்கும் குன்றத்தூருக்கும் போகிறவர்கள் இங்கே இறங்கித்தான் வண்டி மாறுவார்கள். ஊருக்குள் வேலை இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் ஒரு தடவையாவது இறங்கி ஏறிய ஊர். சித்தப்பாவின் கடை அந்தக் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆட்கள் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிட கேசட்டா தொண்ணூறா என்று கேட்டுவிட்டு, பாட்டுப் பெயர்களை ஒரு நீளமான நோட்டில் எழுதிக்கொள்வார். ரெண்டு நாள் கழித்து வந்தால் கேசட் ரெடி. சட்டப்படி அது சரியான தொழிலா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் பூந்தமல்லி பக்கத்துக் கல்யாண வீடுகளும் டீக்கடைகளும் வேன்களும் பாட்டுக் கேட்டது அப்படித்தான். பிறகு சி.டி வந்தது, எம்.பி.3 வந்தது, கடை செல்ஃபோன் ரீசார்ஜ் கடை ஆனது. இப்போது ஃபோன் கவர், ஸ்க்ரீன் கார்டு விற்கிறார்.

2022இல் சுதந்திரத்தின் 75வது ஆண்டு. வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்ன வருஷம். மெட்ரோ ரயில் வேலைக்காக ரோட்டைத் தடுத்து வைத்திருந்ததால் போரூரிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் பையனுக்கு உயிர் போய்விடும். அப்படி ஒருநாள் அலுத்துப்போய் வந்தவனை, அவர்கள் தெருவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாசலிலேயே மடக்கினார். ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயரானவர்.

"தம்பி, பதினஞ்சாம் தேதி கொடியேத்துறோம். பாட்டு போடுற வேல உன்னுது. அந்த ரஹ்மான் வந்தே மாதரம் இருக்குல்ல, அதப் போட்டுடு. அது ஒண்ணு போதும்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தான். சாப்பிடும்போது சும்மா பேச்சுக்கு சித்தப்பாவிடம் சொன்னான். சித்தப்பா எதுவும் சொல்லாமல் கை கழுவிவிட்டு, பரணில் ஏறி ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார்.

பெட்டியில் பாதி கேசட்டுகள் பூஞ்சை பிடித்திருந்தன. அதற்குள்ளிருந்து அவர் எடுத்தது 'வந்தே மாதரம்' ஒரிஜினல் கேசட். கடையில் மற்றவர்களுக்குப் பதிவு செய்து கொடுப்பதற்காக வாங்கி வைத்திருந்த மாஸ்டர் அது. உள்ளே மடித்து வைத்திருந்த அட்டையைப் பையன் பிரித்துப் பார்த்தான். மா துஜே சலாம், ரிவைவல், குருஸ் ஆஃப் பீஸ், தௌபா தௌபா, ஒன்லி யூ, மிஸ்ஸிங், தாய் மண்ணே வணக்கம்.

"ஏழா?" என்றான்.

"ஏழுதான். ஆனா வித்தது ரெண்டுதான்" என்றார் சித்தப்பா.

இந்த இடத்தில் கேசட் பார்க்காத தலைமுறைக்கு ஒரு விளக்கம். கேசட்டில் ரெண்டு பக்கம் உண்டு. ஒரே நாடாதான், அதன் மேல்பாதியில் ஒரு பக்கமும் கீழ்ப்பாதியில் இன்னொரு பக்கமும் எதிரெதிர் திசையில் ஓடும். அதனால் முதல் பக்கத்தின் ஆரம்பமும் இரண்டாம் பக்கத்தின் முடிவும் நாடாவில் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். இந்த ஆல்பத்தில் முதல் பாட்டு 'மா துஜே சலாம்', கடைசிப் பாட்டு 'தாய் மண்ணே வணக்கம்'. ஒன்று முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கொஞ்சம் முன்னே பின்னே ஓட்டினால் இன்னொன்று வந்துவிடும். நடுவில் இருக்கிற ஐந்து பாட்டுப் பக்கம் போகாமலேயே வருஷக் கணக்கில் இந்தக் கேசட்டைக் கேட்க முடியும். நிறைய பேர் அப்படித்தான் கேட்டார்கள் :)

இனி ஆல்பம் கதை.

'ரோஜா' வந்தது 1992இல். அதற்கு ஐந்து வருஷம் கழித்து, சுதந்திரத்தின் 50வது ஆண்டுக்காக சோனி நிறுவனத்துடன் சேர்ந்து ரஹ்மான் செய்த ஆல்பம் 'வந்தே மாதரம்'. சினிமா இல்லாமல் அவர் செய்த முதல் வேலை என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. 1989இல் 'தீன் இசை மாலை', 1991இல் மால்குடி சுபா பாடிய 'செட் மீ ஃப்ரீ' ஆகியவை அவர் சினிமாவுக்கு வருவதற்கு முன்பே செய்தவை. அதற்கும் முன்னால் சென்னையில் 'நெமசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்திருக்கிறார். அதனால் கதை, ஹீரோ, சிச்சுவேஷன் எதுவும் இல்லாமல் ஒரு முழு ஆல்பம் போடுவது என்பது அவருக்குப் புது ஆசை இல்லை. கிடைத்த மேடைதான் புதுசு.

கூட நின்றவர் விளம்பரப் பட இயக்குநர் பாரத்பாலா. இந்திப் பாட்டை எழுதியவர் மெஹபூப், தமிழுக்கு வைரமுத்து. முதல் பாட்டு பதிவான விதத்தைப் பற்றி பாரத்பாலா பின்னாளில் சொன்ன ஒரு கதை உண்டு. ரம்ஜான் மாதத்தின் இருபத்தேழாவது இரவு. நள்ளிரவு தாண்டி ரெண்டு மணிக்கு ரஹ்மானிடமிருந்து ஃபோன் வருகிறது. ஸ்டூடியோவுக்குப் போனால் சவுண்ட் எஞ்சினியர் இல்லை. "நீங்களே எஞ்சினியர் வேலை பாருங்க, நான் பாடுறேன்" என்கிறார் ரஹ்மான். பாடி முடித்தபோது பாரத்பாலா அழுதேவிட்டாராம்.

அந்தப் பாட்டு எப்படிப் போனது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாலைவனத்து மணலில் பெரிய மூவர்ணக் கொடி எழுகிற வீடியோவை டிவியில் பார்க்காதவர்கள் அந்தக் காலத்தில் கிடையாது. பள்ளி ஆண்டு விழா, கிரிக்கெட் மைதானம், ஆட்டோ ஸ்டாண்டு, கட்சிக் கூட்டம் என்று எங்கேயும் அதுதான். முக்கியமாக, அது ஆல்பத்தின் பெயரையே எடுத்துக்கொண்டது. ஆல்பத்துக்குப் பெயர் 'வந்தே மாதரம்'. பாட்டுக்குப் பெயர் 'மா துஜே சலாம்'. ஆனால் யாராவது "மா துஜே சலாம் போடுப்பா" என்று கேட்கிறார்களா? "வந்தே மாதரம் போடு" என்றுதான் கேட்பார்கள்.

இதில் பாவம், ரெண்டாவது பாட்டு. 'ரிவைவல்' என்று பெயர் வைத்த அந்தப் பாட்டுதான் நிஜமான வந்தே மாதரம். பங்கிம் சந்திரர் எழுதி, 1882இல் வந்த 'ஆனந்தமடம்' நாவலில் சேர்த்த பாட்டு. 1896இல் கல்கத்தா காங்கிரசில் தாகூர் பாடியது. பாரதியார் தமிழில் மொழிபெயர்த்தது. 1950 ஜனவரி 24 அன்று தேசிய கீதத்துக்குச் சமமான மரியாதை கொடுக்கப்பட்டது. அந்த வரிகளுக்கு ரஹ்மான் புதுசாக மெட்டுப் போட்டிருக்கிறார். முதல் பாட்டு முடிந்த உடனே அடுத்து இருக்கிறது. இருந்தும் "ரஹ்மானோட வந்தே மாதரம்" என்றால் அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. சொந்தப் பெயரையே பக்கத்து வீட்டுக்காரரிடம் பறிகொடுத்த பாட்டு!

தமிழ்நாட்டில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. 'தாய் மண்ணே வணக்கம்' தமிழில் இருந்ததால், மற்ற பாட்டுகள் எல்லாம் "இந்திப் பாட்டு" என்று ஒரே மூட்டையில் கட்டப்பட்டன. போதாததற்கு, படத்தில் வராத பாட்டை உட்கார்ந்து கேட்கிற பழக்கமும் இங்கே குறைவு. பாட்டுக்கு ஒரு முகம் வேண்டும், ஒரு ஹீரோ நடக்க வேண்டும். முதல் பாட்டுக்கு அந்த முகம் வீடியோவில் கிடைத்தது. மற்றவை முகம் இல்லாமலே நின்றன.

இது ரஹ்மானுக்கு மட்டும் நடந்ததில்லை. 'டீப் பர்ப்பிள்' குழுவின் 'மெஷின் ஹெட்' ஆல்பம் 1972இல் வந்தது. கிட்டார் வகுப்புக்குப் போன எந்தப் பையனைக் கேட்டாலும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டின் ஆரம்பத்தை வாசித்துக் காட்டுவான். அதே ஆல்பத்தில் வேறு என்ன பாட்டு இருக்கிறது என்று கேட்டால் தலையைச் சொறிவான். சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில் ஒரு சூதாட்ட விடுதி தீப்பிடித்ததைப் பற்றிய பாட்டு அது. அது பெரிய ஹிட் ஆகும் என்று அந்தக் குழுவே எதிர்பார்க்கவில்லை. தனிப்பாட்டாக அதை வெளியிட்டது அடுத்த வருஷம்தான். தமிழிலேயே பக்கத்தில் ஒரு உதாரணம் வேண்டுமென்றால் அனிருத்தின் '3'. 2011 நவம்பரில் 'கொலவெறி' வந்து உலகத்தைச் சுற்றியது. 2012 மார்ச்சில் படம் வந்தபோது, கொலவெறி மாதிரி ஜாலியாக இருக்கும் என்று நம்பிப் போனவர்களுக்குக் கிடைத்தது மனநோயாலும் தற்கொலையாலும் உடைந்துபோகும் ஒரு காதலின் கதை. 'போ நீ போ' பாட்டுதான் அந்தப் படத்தின் நிஜமான முகம் என்று புரிவதற்கு நிறைய பேருக்கு நாள் பிடித்தது.

ஆனால் 'மெஷின் ஹெட்'டிலும் '3'லும் மறைந்துபோனவை நல்ல பாட்டுகள், அவ்வளவுதான். 'வந்தே மாதர'த்தில் மறைந்துபோனது ஒரு கேள்வி. அது மூணாவது பாட்டில் இருக்கிறது.

சித்தப்பா தன் பழைய டூ-இன்-ஒன்னை எடுத்து, தொய்ந்துபோன பெல்ட்டை மாற்றி, கேசட் நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கி ஓடவிட்டார். முதல் பாட்டு. பையன் கூடவே பாடினான். ரெண்டாவது பாட்டு. ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தான். மூணாவது பாட்டில் ரஹ்மான் குரலோடு இன்னொரு குரல் வந்ததும் ஃபோனைக் கீழே வைத்தான். அந்தக் குரல் பாடவில்லை, எதையோ உடைத்துக்கொண்டு மேலே போவது மாதிரி இருந்தது. ரஹ்மான் பக்கத்தில் அடங்கி நின்று வழிவிடுகிற மாதிரியும் இருந்தது.

"யாரு சித்தப்பா இது?"

"நுஸ்ரத் ஃபதே அலி கான்டா. பாகிஸ்தான்காரரு."

இந்தியச் சுதந்திரத்தின் ஐம்பதாவது வருஷத்துக்குப் போட்ட ஆல்பத்தில், முதல் பாட்டில் தாய்நாட்டுக்கு வணக்கம். ரெண்டாவது பாட்டில் அந்த நாட்டின் பழைய பாட்டு. மூணாவது பாட்டில் பாகிஸ்தானிலிருந்து ஒரு கவ்வாலி பாடகர் வந்து ரஹ்மானோடு சேர்ந்து பாடுகிறார். பாட்டின் சாரம் சின்னதுதான்: மேலே இருப்பதெல்லாம் எல்லோருக்கும் பொது என்றால், கீழே எதற்கு அடித்துக்கொள்கிறோம்?

நுஸ்ரத் யார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். அவருடைய குடும்பம் ஜலந்தரைச் சேர்ந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனார்கள். மறு வருஷம் 1948 அக்டோபரில், இன்று ஃபைசலாபாத் என்று அழைக்கப்படும் லயால்பூரில் நுஸ்ரத் பிறந்தார். பீட்டர் கேப்ரியேலின் நிறுவனம் அவரை உலகத்துக்குக் கொண்டுபோனது. 'டெட் மேன் வாக்கிங்' படத்துக்காக 'பேர்ல் ஜாம்' குழுவின் எட்டி வெட்டரோடு பாடினார். இந்தியாவில் 'பண்டிட் குவீன்' படத்துக்கு இசையமைத்தார். பிரிவினையில் போன குடும்பத்தின் மகன், பிரிவினை நடந்து ஐம்பது வருஷம் கழித்து, இந்தப் பக்கத்துச் சுதந்திர ஆல்பத்தில் வந்து பாடினார். அதே 1997 ஆகஸ்ட் மாதம் 16ஆம் தேதி லண்டன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வயது 48. இந்தியா கொடியேற்றி முடித்த மறுநாள்.

மூணாவது பாட்டைக் கேட்டபிறகு முதல் பாட்டைத் திரும்பக் கேட்டால் அது வேறு மாதிரி கேட்கும். "என் தாய்க்கு வணக்கம்" என்று ஒருவன் உரக்கச் சொல்வது சந்தோஷம்தான். அடுத்த மூச்சில் அவனே, "அப்புறம் ஏன் சண்டை?" என்று பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிவைத்துக் கேட்கும்போதுதான் அந்த வணக்கத்துக்கு முழு அர்த்தம் வருகிறது. முதல் பாட்டை மட்டும் வெட்டி எடுத்து ஸ்பீக்கரில் போட்டால் அது கோஷமாக மட்டும் மிஞ்சிப்போகிற ஆபத்து இருக்கிறது. பாட்டின் மேல் தப்பில்லை. தனியாக நிறுத்தியதுதான் தப்பு.

பாட்டு முடிந்ததும் சித்தப்பா நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அந்த நீளமான நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசு தட்டினார்.

"தொண்ணூத்தொம்போதுல கார்கில் சண்ட நடந்துச்சில்ல. அப்ப ஒருத்தர் வந்து இந்த ஆல்பத்த ரெக்கார்டு பண்ணச் சொன்னாரு. 'அந்த மூணாவது பாட்ட மட்டும் எடுத்துட்டுப் போடுங்க'ன்னாரு. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. டிவில தினமும் சவப்பெட்டி வந்து எறங்குது, அவருக்கு வலிக்குது. எடுத்துட்டுப் போட்டுக் குடுத்தேன்."

"அதுல என்ன சித்தப்பா? கஸ்டமர் கேட்டாரு, குடுத்தீங்க."

"அதோட நின்னா பரவால்ல. அதுக்கப்புறம் யாரு வந்து கேட்டாலும், கேக்காமயே நானே அந்தப் பாட்ட எடுத்துட்டேன். எதுக்கு வம்பு, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கன்னு. ஒருத்தரு கேட்டாரு. நான் ஊருக்கே வெட்டிட்டேன்."

நோட்டில் 1997, 98 பக்கங்களில் ஏழு பெயர்கள் இருந்தன. 99 ஜூலைக்கு அப்புறம் அதே கையெழுத்தில் ஆறு. ரெண்டுக்கு அடுத்து நேராக 'தௌபா தௌபா'. பையன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனான். கடை மூடுகிற வரைக்கும் ஆறுதான்.

ஒரு பாட்டு மறக்கப்படுவது எப்படி என்று யோசித்தால், பெரிய சதி எதுவும் வேண்டியதில்லை என்று புரிகிறது. டிவிக்காரர் வசதிக்கு ஒரு பாட்டு. பள்ளிக்கூடத்தின் வசதிக்கு அதே பாட்டு. கேசட் கடைக்காரருக்கு வம்பு வேண்டாம். கேட்கிறவருக்கு நேரமில்லை. யாரும் யாரையும் கேட்காமல் எல்லோரும் சேர்ந்து ஒரு ஆல்பத்தை ஒரு பாட்டாகச் சுருக்கிவிடலாம்.

ஊர்ப் பெயரிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. குமணன் என்றதும் தமிழ் படித்த எல்லோருக்கும் ஒரே கதைதான் தெரியும். தம்பி இளங்குமணன் நாட்டைப் பிடுங்கிக்கொண்டு அண்ணன் தலைக்கு விலை வைக்கிறான். காட்டில் தேடி வந்த புலவர் பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல், "என் தலையை வெட்டிக்கொண்டுபோய்ப் பரிசு வாங்கிக்கொள்ளும்" என்று வாளை நீட்டுகிறான் குமணன். பள்ளி நாடகத்துக்கு ஏற்ற கதை. ஆனால் புறநானூற்றில் குமணனைப் பற்றிப் பெருஞ்சித்திரனார் பாடியவையும் இருக்கின்றன. வீட்டில் பசித்துக் கிடக்கும் பிள்ளையைப் பற்றி, வயதான தாயைப் பற்றி, வாடிப்போன மனைவியைப் பற்றிச் சொல்லிக் கேட்கிறார் புலவர். குமணன் கொடுத்து அனுப்புகிறான். வீட்டுக்கு வந்த புலவர் மனைவியிடம், இதைச் சேர்த்து வைக்காதே, இன்னார் என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடு என்கிறார். 163ஆவது பாட்டு அது. தலையைக் கொடுக்க வந்தவனை எல்லோருக்கும் தெரியும். அரிசி கொடுத்தவனைத் தேடிப் படித்தால்தான் தெரியும். அவன் அரிசி கொடுத்துப் பழகியவன் என்பதால்தான் வாளையும் நீட்டினான் என்பது, ரெண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

ஆகஸ்ட் 15 காலை. தெருமுனையில் கொடிக்கம்பம், பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டில் ஆரஞ்சு மிட்டாய். பையன் ஃபோனை ஸ்பீக்கரோடு இணைத்து, ஆல்பத்தை முதலிலிருந்து வரிசையாக ஓடவிட்டான். கொடி ஏறியது, 'மா துஜே சலாம்' ஒலித்தது. வழக்கம்போல எல்லோரும் கைதட்டினார்கள், வீடியோ எடுத்தார்கள், குழந்தைகள் ஆடின. முடிந்ததும் பேச்சு சத்தம் ஆரம்பித்தது. மெட்ரோ வேலை எப்போது முடியும், தண்ணி லாரி ஏன் வரவில்லை.

ரெண்டாவது பாட்டு தொடங்கியது. முதல் வரியிலேயே பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர். என்ன ஏது என்று தெரியாமலே மெல்ல மெல்ல எல்லோரும் மிட்டாயை வாயில் வைத்துக்கொண்டு எழுந்தார்கள். நிஜமான வந்தே மாதரம் அதுதான் என்று டீச்சருக்கு மட்டும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அது முடிந்ததும் செயலாளர் கையைக் காட்டினார். "தம்பி, போதும். அந்த மொத பாட்டையே திரும்பப் போடு."

பையன் ஃபோனைத் தொட்டான். அழுத்தவில்லை. பின்னாலிருந்து சித்தப்பா குரல் வந்தது. "ஓடட்டும் விடுங்க சார். இன்னும் ஒண்ணுதான்."

மூணாவது பாட்டு ஓடியது. பாதிப் பேர் கவனிக்கவில்லை, அவரவர் பேச்சில் இருந்தார்கள். நுஸ்ரத் குரல் மேலே ஏறியபோது, மிட்டாய் வாங்க வண்டியை ஓரம் கட்டியிருந்த ஒரு ஷேர் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"யாரு தம்பி பாடுறது? தொண்டையா அது!"

பையனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சட்டையில் கொடி குத்தியிருக்கிற நாற்பது பேருக்கு நடுவில், அந்தப் பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. "ஒரு பழைய பாடகர்ணா" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இருபத்து மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு நோட்டில் ஒரு வரி காணாமல் போனதும் இதே மாதிரி ஒரு நிமிஷத்தில்தான்.

சித்தப்பாதான் சொன்னார். "நுஸ்ரத் ஃபதே அலி கான். பாகிஸ்தான்ல பெரிய பாடகரு. நம்ம ரஹ்மான் கூடச் சேந்து நம்ம சுதந்திர தினத்துக்குப் பாடுனது."

ஆட்டோக்காரர் ஒரு நிமிஷம் பாட்டைக் கேட்டார். "நல்லா இருக்கு சார்" என்றார். அவ்வளவுதான். சண்டை எதுவும் நடக்கவில்லை. இதற்குப் போய் இத்தனை வருஷம் பயந்தோமே என்கிற மாதிரி சித்தப்பா நின்றிருந்தார்.

செயலாளர் பக்கத்தில் வந்தார். திட்டப்போகிறார் என்று பையன் நினைத்தான். "இவரு இப்ப இருக்காரா?" என்று கேட்டார்.

"இல்ல சார். தொண்ணூத்தேழு ஆகஸ்ட் பதினாறு. நாளையோட இருபத்தஞ்சு வருஷம்" என்றார் சித்தப்பா.

செயலாளர் தலையாட்டினார். அப்புறம், "சரி, இப்பயாச்சும் மொத பாட்டப் போடுப்பா, பசங்க கேக்குறாங்க" என்றார். பையன் போட்டான். எல்லோரும் ஆடினார்கள், அவனும் ஆடினான். நல்ல பாட்டு அது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வந்த சித்தப்பா அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 99 ஜூலைப் பக்கத்தைத் திறந்து, 'ரிவைவல்' என்ற பெயருக்கும் 'தௌபா தௌபா' என்ற பெயருக்கும் நடுவில், இடமில்லாத இடத்தில், சின்ன எழுத்தில் ஒரு பெயரை எழுதினார். கேசட் வாங்கிப்போனவர்கள் யாரும் இனி திரும்பி வரப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதிலும் எழுதினார்.

அடுத்த ஆகஸ்ட் 15க்கு உங்கள் தெருவிலோ பள்ளியிலோ அந்தப் பாட்டைப் போடச் சொன்னால், தாராளமாகப் போடுங்கள். முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இன்னும் ரெண்டே பாட்டு ஓடட்டும்.